புது பையருக்கு ஏஐ வச்சு முதல் மெயில் எழுதறது எப்படி (திருப்பூர்ல நான் பண்ற முறை)

திருப்பூர்ல ஒரு சின்ன பனியன் யூனிட்ல மெர்ச்சண்டைசரா இருக்கேன். ஆர்டர் ஃபாலோ-அப்போட சேத்து புது பையருக்கு (நம்மகிட்ட துணி தச்சு வாங்கற வெளிநாட்டு பிராண்ட்) மெயில் போடற வேலையும் என்கிட்டதான். பக்கத்து யூனிட் பசங்க ரெண்டு பேர் "அந்த பிராம்ப்ட்ட மட்டும் அனுப்பி விடுங்கண்ணா"ன்னு கேட்டாங்க. பிராம்ப்ட்ட (ஏஐகிட்ட இத செய்யின்னு நாம டைப் பண்றது) மட்டும் அனுப்பினா பிரயோஜனமே இல்ல, அதுக்கு முன்னாடி பண்ற வேலைலதான் விஷயம் இருக்கு, அதான் முழுசா எழுதறேன். அக்கவுண்ட் ஓப்பன் பண்றது, லாகின் எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுடறேன்.

ஸ்டெப் 1: பத்து பேர் போதும்

எங்கயோ வாங்கின ஐநூறு மெயில் ஐடி லிஸ்ட் இருந்தா அத மூடி வைங்க. நம்ம மெஷினுக்கும் நம்ம மினிமம் குவான்டிட்டிக்கும் பொருந்தற பத்து பிராண்ட மட்டும் எடுத்து, ஒவ்வொருத்தர் வெப்சைட்லயும் பதினஞ்சு நிமிஷம் உக்காந்து ஒரே ஒரு விஷயத்த கண்ணால பாத்து எழுதிக்கோங்க. நான் பாத்த ஒரு இங்கிலாந்து பிராண்ட் குழந்தைங்க டீஷர்ட் விக்கறாங்க, போர்ச்சுகல்ல தைக்கறாங்க, ரிவ்யூல மூணு பேர் ஒரே குறைய சொல்லியிருந்தாங்க, நாலு வாஷ்லயே கழுத்து ரிப் (கழுத்தச் சுத்தி வர்ற இழுபடற பட்டி) தளந்து அலை அலையா நிக்குதுன்னு. நம்ம லைன்ல இருக்கறவங்களுக்கு இது பாத்ததுமே பிடிபடும், ஒண்ணு ரிப்ல லைக்ரா (இழுத்தா திரும்பிச் சுருங்கற நூல்) இல்ல, இல்லேன்னா கழுத்து ஏத்தறப்போ ரிப்ப சரியான அளவுக்கு இழுத்துப் பிடிக்கல. நீங்க கேக்காம இந்த ஒரு வரிய எந்த ஏஐயும் தேடி எடுத்துக் குடுக்காது.

ஸ்டெப் 2: விவரத் தாள் (இங்கதான் நான் மாட்டினேன்)

ஒரு நோட்பேட் ஃபைல்ல நம்ம யூனிட் பத்தின எல்லாத்தையும் எழுதுங்க. என்ன துணி, என்ன ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியோட எடை), நூல் கவுண்ட் (நூலோட பருமன்), ஒரு கலருக்கு குறைஞ்சது எத்தன பீஸ், சாம்பிளுக்கு எத்தன நாள், பல்க்குக்கு (மொத்த ஆர்டருக்கு) எத்தன நாள், என்ன சர்டிபிகேட், அது எந்த தேதி வரைக்கும் செல்லும்.

ஆரம்பத்துல நான் எழுதின தாள்ல "ஆர்கானிக் நூல்லயும் பண்ணித் தரோம்"னு ஒரு வரி இருந்துச்சு. ஏஐ அத எடுத்து, நாங்க காட்ஸ் (ஆர்கானிக் துணிக்கான சர்டிபிகேட்) சர்டிஃபைடு யூனிட்னு மெயில்ல எழுதிடுச்சு. இங்கிலீஷ் அவ்ளோ நல்லா இருந்ததால நானும் அந்த வரிய தாண்டிப் போயிட்டேன், அனுப்பிட்டேன். மறுநாளே பையர்கிட்ட இருந்து பதில், ரெண்டே வரி, ஸ்கோப் சர்டிபிகேட் (காட்ஸ் யூனிட்னு காட்டற சான்று) நம்பர் குடுங்கன்னு. காட்ஸ் சர்டிபிகேட் யார் யாருக்கு இருக்குன்னு நெட்ல யார் வேணா பாக்கலாம், ஒரு நிமிஷ வேலை. சர்டிஃபைடு நூல் வாங்கினா மட்டும் பத்தாது, நிட்டிங் (துணி பின்னறது), டையிங் (சாயம் போடறது), தையல்னு ஒவ்வொரு யூனிட்டும் சர்டிபிகேட் எடுத்திருந்தாதான் அந்த டீஷர்ட்ட காட்ஸ்னு சொல்லி விக்க முடியும். எங்க யூனிட்டுக்கு அது இல்ல. உண்மைய சொல்லி மன்னிப்பு கேட்டு எழுதினேன், அதுக்கப்புறம் அவங்ககிட்ட இருந்து ஒரு வார்த்தை வரல. அந்த வருத்தம் இன்னும் போகல, ஏன்னா அது நல்ல பையர்.

அதனால இப்போ என் தாள்ல "எங்ககிட்ட இல்லாதது"ன்னு தனியா ஒரு பகுதி வச்சிருக்கேன். காட்ஸ் இல்ல, சொந்த டையிங் இல்ல, எம்பிராய்டரி வெளிய குடுக்கறோம், இப்படி பச்சையா. இருக்கறதையும் துல்லியமா எழுதுங்க. "ஓகோ-டெக்ஸ் இருக்கு"ன்னு (துணில கெடுதலான கெமிக்கல் இல்லைன்னு சொல்ற சர்டிபிகேட்) எழுதாம "ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100, கிளாஸ் 1"னு எழுதுங்க, கிளாஸ் 1ங்கறது 3 வயசு வரைக்கும் உள்ள குழந்தைங்க துணிக்கானது, குழந்தைங்க பிராண்டுக்கு அந்த ஒரு நம்பர் பெரிய விஷயம்.

ஸ்டெப் 3: பிராம்ப்ட்

நான் தமிழ்லயே டைப் பண்றேன், மெயில் மட்டும் இங்கிலீஷ்ல கேப்பேன். நம்ம மனசுல இருக்கறது நம்ம பாஷைலதான் முழுசா வரும். சாட்ஜிபிடி, கிளாட், ஜெமினி எதுல வேணா போடுங்க, விவரத் தாள் சரியா இருந்தா பெரிய வித்தியாசம் நான் பாக்கல.

"கீழ 'விவரம்'ங்கறது எங்க யூனிட் பத்தி. 'பாத்தது'ங்கறது அந்த பிராண்ட் பத்தி. இத வச்சு இங்கிலீஷ்ல 90 வார்த்தைக்குள்ள ஒரு மெயில் எழுது. பிரிட்டிஷ் ஸ்பெல்லிங். அவங்க பொருள்ல இருந்து ஆரம்பி, எங்க கம்பெனி பேர்ல இருந்து ஆரம்பிக்காத. அவங்க துணிய குறை சொல்லாத. விவரத்துல இல்லாத நம்பர், சர்டிபிகேட், கஸ்டமர் பேர் எதையும் சேக்காத, தேவைப்பட்டா எழுதறதுக்கு முன்னாடி என்கிட்ட கேளு. கடைசில ஒரே ஒரு கேள்வி, ஆமா இல்லைன்னு பதில் சொல்ற மாதிரி."

"என்கிட்ட கேளு"ங்கற வார்த்தைய விட்டுடாதீங்க, அது இல்லேன்னா விவரம் பத்தாதப்போ தானா எதையாவது போட்டு நிரப்பிக்கும். "குறை சொல்லாத"ங்கறதும் முக்கியம், உங்க கழுத்து ரிப் தளருதுன்னு முகத்துக்கு நேரா சொன்னா யார் பதில் போடுவாங்க. அந்த இங்கிலாந்து பிராண்டுக்கு ஏஐ எழுதிக் குடுத்த மெயில்ல, சின்னப் பசங்க டீஷர்ட்டுக்கு நாங்க 5% லைக்ரா போட்ட ரிப் வைக்கறோம், 20 வாஷ் பண்ணின பீஸ் ஒண்ணும் புது பீஸ் ஒண்ணும் சேத்து அனுப்பட்டுமான்னு கேட்டிருந்துச்சு. 20 வாஷ் நாங்க நெஜமாவே பண்ணி வச்சிருந்தோம், அது தாள்ல இருந்துச்சு. அந்த பிராண்ட் அட்ரஸ் அனுப்பினாங்க.

இன்னொண்ணு, முன்னாடி பதில் வாங்கின உங்க சொந்த மெயில் ஒண்ண மாதிரிக்கு ஒட்டுங்க. இல்லேன்னா "ஐ ஹோப் திஸ் ஈமெயில் ஃபைண்ட்ஸ் யூ வெல்"னுதான் ஆரம்பிக்கும், அத தினமும் இருவது பேர் அவங்களுக்கு அனுப்பறாங்க.

ஸ்டெப் 4: சரி பாக்கறது

ஏஐ மெயில எழுதிக் குடுத்ததும் அடுத்து அதுகிட்ட இதக் கேளுங்க: "இந்த மெயில்ல நீ சொன்ன ஒவ்வொரு தகவலையும் தனித்தனியா எழுதி, அது விவரத்துல எந்த வரில இருக்குன்னு காட்டு." ஆதாரம் இல்லாத வரி பெரும்பாலும் இங்க வெளிய வந்துடும். அதுக்கப்புறமும் பிரிண்ட் எடுத்து ஒவ்வொரு நம்பரா பேனால டிக் அடிக்கறேன், ஸ்க்ரீன்ல கண்ணு ஏமாத்தும்.

சப்ஜெக்ட் லைன நானே எழுதிடறேன், நாலு வார்த்தை, அவங்க பொருள் பேர் இருக்கணும். ஃபாலோ-அப் ஒரே ஒரு தடவ, ஒரு வாரம் கழிச்சு, புதுசா சொல்ல ஏதாவது இருந்தா மட்டும்.

அனுப்பறதுக்கு தனி டூல் எதுவும் வேணாம். பத்து மெயில கையாலயே அனுப்புங்க, கூகுள் ஷீட்ல தேதி போட்டு வைங்க, அவ்ளோதான்.

அப்டேட்: மெயில் எல்லாம் ஸ்பாம்ல விழுதுன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். அத பிராம்ப்ட் மாத்தி சரி பண்ண முடியாது. சொந்த டொமைன்ல இருந்து அனுப்பறவங்க எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் (மெயில் நெஜமாவே உங்க டொமைன்ல இருந்துதான் வருதுன்னு காட்டற செட்டிங்) மூணும் செட் பண்ணியிருக்கான்னு பாருங்க. 2024 பிப்ரவரில இருந்து ஜிமெயில் இதுல ரொம்ப கறாரா இருக்கு, ஒரு நாளைக்கு 5,000க்கு மேல அனுப்பறவங்களுக்கு மூணுமே கட்டாயம், சின்ன அளவுல அனுப்பறவங்களுக்கும் எஸ்பிஎஃப் இல்லேன்னா டிகிம் ஏதாவது ஒண்ணு இருந்தே ஆகணும். உங்க வெப்சைட் பாத்துக்கறவர்கிட்ட சொன்னா அரை மணி நேரத்துல முடிச்சுடுவார்.

அப்டேட் 2: ஜெர்மனிக்கு இத அப்படியே பண்ணலாமான்னு கேட்டாங்க, பண்ணாதீங்க. அங்க முன் சம்மதம் இல்லாம கம்பெனிக்குக்கூட விளம்பர மெயில் அனுப்பக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. இங்கிலாந்துல லிமிடெட் கம்பெனிக்கு அனுப்பலாம், தனி ஆளா தொழில் பண்றவங்களுக்கு சம்மதம் வேணும். அமெரிக்காவுக்கு அனுப்பலாம், ஆனா மெயில்ல உங்க தபால் அட்ரஸும் 'இனி வேண்டாம்'னு சொல்ல ஒரு வழியும் இருக்கணும், வேண்டாம்னு சொன்னா 10 வேலை நாளுக்குள்ள நிறுத்தணும். ஜெர்மன் பையர்கள நான் கண்காட்சில நேர்ல பாத்து, மெயில் அனுப்பலாமான்னு கேட்டு, சரின்னு சொன்னவங்களுக்கு மட்டும் எழுதறேன்.

அப்டேட் 3: பழைய பையரோட காஸ்டிங் ஷீட்ட (ஒரு பீஸுக்கு என்ன செலவு, என்ன ரேட்னு போட்ட கணக்கு) ஏஐல ஒட்டினா மெயில் இன்னும் நல்லா வருமான்னு ஒரு தம்பி கேட்டார். வேண்டாம் தம்பி. டெக் பேக்கும் (டிசைன், அளவு விவரம் இருக்கற ஃபைல்) ரேட்டும் அவங்க நம்மள நம்பிக் குடுத்தது, விவரத் தாள்ல நம்ம யூனிட்டோட சொந்த விவரம் மட்டும் இருக்கட்டும்.