தொடக்க இடம் பறிபோன குவாட்டர்பேக் அடுத்து என்ன செய்யலாம்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில், பந்தை எறிந்து அணியின் தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக்கான உங்களுக்கு ஸ்டார்ட்டர் இடம் (ஆட்டத்தைத் தொடங்கும் முதல் தேர்வு) கைவிட்டுப் போனால், அன்று ராத்திரியே டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் (வேறு பல்கலைக்கழக அணிக்கு மாற விரும்பும் வீரர்களின் பதிவுப் பட்டியல்) பெயர் கொடுத்துவிடாதீர்கள். பெயர் ஏறிவிட்டால், நடப்பு செமஸ்டர் முடிந்ததும் உங்கள் உதவித்தொகையைப் பல்கலைக்கழகம் நிறுத்தலாம், இன்னொரு அணி கூப்பிடும் என்ற உறுதியும் கிடையாது.

முதலில் பயிற்சியாளரிடம் நேராகக் கேளுங்கள். என்ன குறை, திரும்ப வர வழி இருக்கிறதா? மழுப்பினால் அதுவே பதில்தான்.

அப்புறம் ஆடிய ஆட்டங்களை எண்ணுங்கள். 2018-இல் வந்த விதிப்படி, சீசனில் 4 ஆட்டங்களுக்கு மேல் ஆடாதவர் ரெட்ஷர்ட் எடுக்கலாம், அதாவது கல்லூரியில் ஆட அனுமதிக்கப்பட்ட ஆண்டுகளில் அந்த ஆண்டு கழியாமல் மிச்சப்படுத்தலாம். விதிகள் அடிக்கடி மாறுவதால், பல்கலைக்கழகத்தில் தகுதி விதிகளைப் பார்க்கும் அலுவலகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இருப்பதா, போவதா? அலபாமா பல்கலைக்கழக அணியின் குவாட்டர்பேக்காக இருந்த ஜேலன் ஹர்ட்ஸைப் பாருங்கள். 2018 ஜனவரியில் தேசிய இறுதிப் போட்டியின் இடைவேளையில் அலபாமா அவரை உட்கார வைத்தது, அவருக்குப் பதிலாக உள்ளே வந்த டுவா டகோவைலோவா ஜெயித்துக் கொடுத்தார். ஹர்ட்ஸ் கோபித்துக்கொண்டு கிளம்பவில்லை, ஓராண்டு இருந்து பட்டம் வாங்கினார், அந்த டிசம்பரில் டுவா காயம்பட்டபோது பெஞ்சிலிருந்து எழுந்து வந்து ஜார்ஜியா பல்கலைக்கழக அணியை வீழ்த்தினார், அதன்பிறகே ஓக்லஹோமாவுக்குப் போய் சிறந்த கல்லூரி வீரருக்கான 2019 ஹைஸ்மன் விருது வாக்கெடுப்பில் இரண்டாம் இடம் பிடித்தார். எனக்கு மிகவும் பிடித்த பாதை இதுதான்.

இன்னொரு குவாட்டர்பேக் ஜோ பர்ரோ, ஓஹையோ ஸ்டேட்டில் ஸ்டார்ட்டர் இடமே கிடைக்காமல், பட்டத்தை முடித்துக்கொண்டு எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) போனார். அதே 2019 ஹைஸ்மன் அவருக்குத்தான்.

போவதென்றால் பெரிய பெயரைத் தேடாதீர்கள், உங்கள் கைக்கு ஏற்ற ஆட்டமுறையும் காலியான இடமும் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள்.