இனிப்பு நீர் உள்ளவர் தட்டில் சோறு எவ்வளவு?

சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊர்களில், இனிப்பு நீர் (நீரிழிவு) என்றதும் சோற்றை அடியோடு நிறுத்திவிடுபவர்கள் உண்டு. தேவையில்லை. உழைக்கிற உடம்புக்கு மாவுச்சத்து வேண்டும், அளவுதான் விஷயம்.

மலேசிய சுகாதார அமைச்சு சொல்லும் ‘சுகு சுகு செபாரோ’ (Suku Suku Separuh, அதாவது கால், கால், பாதி) கணக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கோழி அல்லது முட்டை, மீதிப் பாதி காய்கறியும் பழமும். பலர் தவறுவது இங்கேதான்: உருளைக்கிழங்குப் பிரட்டலையும் மரவள்ளிக்கிழங்கையும் காய்கறி என்று நினைத்துவிடுகிறார்கள். அவை சோற்றுப் பங்கில் சேர வேண்டியவை. கிழங்கு வைத்தால் சோற்றைக் குறையுங்கள். ஒரு கப் சோற்றிலேயே ஏறக்குறைய 45 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. கீரையையும் மீனையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால் சர்க்கரை மெதுவாக ஏறும்.

தேத்தண்ணியை மறக்காதீர்கள். ஒரு மேசைக்கரண்டி இனிப்புக் கெட்டிப்பாலில் சுமார் 10 கிராம் சர்க்கரை. கடையில் ‘தே ஓ கோசோங்’ (பாலும் சீனியும் இல்லாத தேத்தண்ணி) கேளுங்கள்.

இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்கள் பசியாறாமல் (காலையில் சாப்பிடாமல்) ரப்பர் மரம் வெட்டப் (பால் எடுக்கச் சீவப்) போகவே கூடாது. சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்: கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், தலை சுற்றும். உடனே 3 தேக்கரண்டி சீனியை அரை கிளாஸ் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் குடியுங்கள். ஆள் மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 999க்கு அழையுங்கள். சோற்றின் அளவைக் குறைக்கும் முன் கிளினிக்கில் சொல்லிவிடுங்கள். மருந்தின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கும்.