வீட்டு ஓரத்துல துவரை போடணுமா? இப்படி செய்யுங்க

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீட்ல இருக்கவங்களுக்கு இது சொல்றேன். முதல்ல ஒண்ணு, கடையில விக்கிற உடைச்ச துவரம் பருப்ப மண்ணுல போட்டா முளைக்காது லா, நான் போட்டு பத்து நாள் தண்ணி ஊத்துன ஆளு, சிரிக்காதீங்க. தோலோட இருக்கற முழுத் துவரைதான் வேணும்.

ராத்திரி ஊற வச்சு, ஒரு இஞ்சு ஆழத்துல, குழிக்கு ரெண்டு விதை. செடிக்குச் செடி மூணு அடியாவது விடுங்க, ஆள் உசரத்துக்கு மேலயே போகும்.

நம்ம ஊரு மழைதான் பெரிய வில்லன். துவரை வெயில தாங்கும், ஆனா வேர்ல தண்ணி நின்னா அழுகிடும், அதனால லோங்காங் (கழிவுநீர் கால்வாய்) ஓரத்துல பள்ளத்துல வைக்காதீங்க, மண்ண மேடா குமிச்சு அதுல வைங்க. யூரியா அள்ளிக் கொட்டவும் வேணாம், வேர்ல இருக்கற பாக்டீரியா காத்துல உள்ள நைட்ரஜன புடிச்சுக் குடுக்கும். ஒரு செடிய புடுங்கி வேர்ல இருக்கற குட்டி முடிச்ச நகத்தால கீறிப் பாருங்க, உள்ள இளஞ்சிவப்பா இருந்தா வேலை நடக்குதுன்னு அர்த்தம்.

மஞ்சப் பூ வந்ததும் தினமும் பாருங்க. காயில சின்ன ஓட்டை இருந்தா உள்ள புழு, கையால எடுத்துடுங்க. காய் உப்பி பச்சையா இருக்கறப்பவே பறிச்சா சாம்பாருக்கு, பருப்புக்குன்னா செடியிலேயே காய விடுங்க. பறிச்சப்புறம் வெட்டி சாய்க்காம கிளைய மட்டும் கழிச்சு விட்டா மறுபடி தழைக்கும்.