ஈரத்துணியும் மணலும்: அரியமானில் கற்றது

மதுரையிலிருந்து அரியமான் கடற்கரைக்கு முதல் தடவை போய்த் திரும்பியபோது, கார் முழுக்க மணல். ஈரத்துணிகளைப் பாலித்தீன் பையில் திணித்து முடிச்சுப் போட்டிருந்தேன்; வீட்டில் பிரித்தால் ஒரே முடைநாற்றம். அதையாவது துவைத்துவிடலாம். சின்னவளுக்குத் தொடை இடுக்கில் மணல் உரசிச் சிவந்துபோய், இரவெல்லாம் அழுதாள். எனக்கு மனசே ஆறவில்லை.

அடுத்த முறை வெங்காயம் வாங்கும் வலைப்பை இரண்டு எடுத்துப்போனேன். ஈரத்துணியை அதில் போட்டுச் சவுக்கு மரக்கிளையில் மாட்டி உலுக்கினால் தண்ணீரும் மணலும் தானாக இறங்கிவிடும். அப்புறம், 5 லிட்டர் கேன் இரண்டில் நல்ல தண்ணீரும் ஒரு குவளையும். உப்புத்தண்ணீர் உடம்பிலேயே காய்ந்தால் அரிக்கும்.

கழுவியும் போகாத மணலுக்கு முகப்பவுடர்தான் கைகொடுத்தது. உள்ளங்கையில் கொட்டிக் காலில் மெதுவாகத் தேய்த்தேன். பவுடர் ஈரத்தை இழுத்துக்கொள்ள, மணல் பொலபொலவென்று உதிர்ந்தது. குழந்தையின் முகத்துப் பக்கம் மட்டும் தூவக் கூடாது, மூச்சில் ஏறிவிடும்.

மாற்றுத்துணியை ஆளுக்கொரு பையாகக் கட்டி, சின்னவளின் பையை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். ராமநாதபுரம் தாண்டுவதற்குள் அவள் என் மடியில் தூங்கிவிட்டாள்.