வீட்டை வாடகைக்கு விடுகிறீர்களா? குடித்தனக்காரரிடம் எதை, எப்போது, எப்படிச் சொல்வது

சண்டை பெரும்பாலும் காலி செய்யும் நாளில், அட்வான்ஸில் வெடிக்கிறது. ஆனால் அதற்கான விதை சாவி கொடுத்த அன்றே விழுந்துவிடுகிறது. வாய்ப்பேச்சோடு விட்டதுதான் காரணம்.

1. முதலில் ஒப்பந்தம். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி அது எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். தண்ணீர் லாரிக் காசு, மோட்டார் கரண்ட், பெயின்ட் செலவு யாருடையது என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.

2. சாவி கொடுக்கும் அன்று இருவரும் சேர்ந்து அறை அறையாக வீடியோ எடுங்கள். ஃபேன் எத்தனை, எந்தக் குழாய் சொட்டுகிறது, பாத்ரூம் கதவின் அடிப்பக்கம் ஏற்கெனவே ஊறியிருக்கிறதா, எல்லாம் தெரியவேண்டும். ஈபி மீட்டர் ரீடிங்கைத் தனியாகப் படம் பிடியுங்கள். அன்றே வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சரி" என்று பதில் வாங்குங்கள். இந்த அரைமணி நேர வேலையைத் தவிர்க்கவே கூடாது.

3. வாடகை 5ஆம் தேதி என்றால், 6ஆம் தேதி ஒரு மெசேஜ் போதும். நாலு பேர் முன்னால் வாசலில் நிறுத்திக் கேட்காதீர்கள்; அந்த அவமானம் மறக்காது. ரொக்கமாகத் தந்தாலும் ரசீது கொடுங்கள். வாடகையையும் ஈபி பணத்தையும் ஒரே தொகையாக வாங்கினால், எது பாக்கி என்று பின்னால் யாருக்கும் தெரியாது.

4. ரிப்பேர் என்று சொன்னால் அன்றே பதில் போடுங்கள். பிளம்பர் கிடைக்காவிட்டாலும், "பார்த்தேன் சார். பிளம்பர் நாளைக் காலை 10 மணிக்கு வருவார். அதுவரை சிங்க் அடியில் இருக்கும் வால்வை மூடி வையுங்கள்" என்று சொல்லலாம். நீங்கள் பேசாமல் இருந்தால் அவரே ஆளைக் கூப்பிட்டு வாடகையில் கழிப்பார், தகராறு அங்கே தொடங்கும். சுவரில் ஷாக் அடித்தால் மட்டும் மெசேஜ் வேண்டாம், உடனே போன்: மெயினை அணைக்கச் சொல்லுங்கள்.

5. வீட்டைப் பார்க்கப் போவதானால் 24 மணி நேரம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். போவதும் காலை 7 மணியிலிருந்து இரவு 8 மணிக்குள். டூப்ளிகேட் சாவி உங்களிடம் இருப்பது உள்ளே நுழைய அனுமதி ஆகாது. கோபத்தில் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்துவது சட்டப்படி தவறு. வாடகை பாக்கி எவ்வளவு இருந்தாலும் அதைச் செய்யாதீர்கள்.

6. காலி செய்யும்போது பழைய வீடியோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருவரும் பாருங்கள். சுவர் மங்குவது சேதம் அல்ல. உடைந்த வாஷ்பேசின்தான் சேதம். கழிப்பதைப் பில்லோடு எழுதிக் கொடுத்து, மீதி அட்வான்ஸை ஒரு மாதத்துக்குள் திருப்பிவிடுங்கள்.