அன்ஸா பொரேகோ பாலைவன பூவும் பருந்தும் பாக்க சின்ன டிப்ஸ்

சான் டியாகோ பக்கம் இருக்கவங்க மார்ச் மாசத்துல ஒரு தடவ அன்ஸா பொரேகோ ஸ்டேட் பார்க் போயிட்டு வாங்க, கார்ல ரெண்டு மணி நேரம்தான், கலிஃபோர்னியாவுலயே பெரிய ஸ்டேட் பார்க், 6 லட்சம் ஏக்கருக்கு மேல.

ஆனா பூ எல்லா வருஷமும் வராது, முந்தின மழைக்காலத்துல மழை நல்லா பெய்ஞ்சிருக்கணும், அதனால கிளம்புறதுக்கு முன்னாடி பார்க்கோட பூ அப்டேட்ட கண்டிப்பா பாத்துடுங்க. ஹெண்டர்சன் கேன்யன் ரோடு ஓரமா ஊதா கலர்ல சேண்ட் வெர்பினா, நடுவுல வெள்ளையா ஈவினிங் ப்ரிம்ரோஸ் இருக்கும். ப்ரிம்ரோஸ் சாயங்காலம் விரிஞ்சு மறுநாள் வெயில் ஏறினதும் வாடிடும், அதனால விடியக்காலைலயே போய் நில்லுங்க.

சீக்கிரம் போறதுல இன்னொரு லாபம் இருக்கு. அர்ஜென்டினாலேர்ந்து வடக்க திரும்புற ஸ்வைன்சன்ஸ் பருந்துங்க ராத்திரி இங்க இருக்க பொரேகோ பள்ளத்தாக்குல தங்கும், காலைல தரை சூடாகி காத்து மேல எழும்பினதும் கூட்டமா வட்டம் போட்டு மேல போகும், அதை பாத்தா மனசு அப்படியே நின்னுடும்ங்க! பூச்செடிய திங்குற கம்பளிப்பூச்சிங்கதான் அதுங்களுக்கு வழிச்சாப்பாடு, அதனால போட்டோவுக்காக பூவுக்குள்ள இறங்கி மிதிக்காதீங்க ப்ளீஸ், ஓரமா நின்னே எடுங்க.

தண்ணி நிறைய வச்சுக்கோங்க, பல எடத்துல சிக்னல் கிடைக்காது, மேப்ப முன்னாடியே டவுன்லோட் பண்ணிடுங்க. பைனாகுலர் மறந்துடாதீங்க.