ஓட்டப் பயிற்சியில் ஓய்வும் துணைப் பயிற்சியும்: எதை எந்த நாளில் வைப்பது?

பயிற்சி உடலைக் களைப்பாக்கும். பலம் கூடுவது ஓய்வின்போதுதான். வேக ஓட்டம், மேட்டு ஓட்டம் போன்ற கடினமானவற்றை வாரத்துக்கு 2 நாளோடு நிறுத்துங்கள். இரண்டுக்கும் நடுவே 48 மணி நேரமாவது இருக்கட்டும். ஒரு நாள் முழு ஓய்வு. நான்கு வாரத்துக்கு ஒருமுறை மொத்தத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிடுங்கள்.

பலரும் சறுக்குவது, தசையைப் பலப்படுத்தும் துணைப் பயிற்சியில்தான். ஓய்வு நாள் சும்மாதானே இருக்கிறது என்று ஸ்குவாட்டை (முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழுவது) அங்கே நுழைத்துவிடுகிறார்கள். பிறகு கால் ஆறுவதற்கு நாளே கிடைக்காது. துணைப் பயிற்சியைக் கடினமான ஓட்டம் முடிந்த அதே நாளில், சில மணி நேரம் கழித்துச் செய்யுங்கள். வாரம் 2 முறை, 25 நிமிடம் போதும்: ஸ்குவாட் 3 சுற்று, சுற்றுக்கு 8; பக்கவாட்டு பிளாங்க் (ஒருக்களித்து, முழங்கையிலும் பாதத்திலும் உடலைத் தாங்குவது) பக்கத்துக்கு 30 விநாடி; ஒற்றைக்காலில் குதிகால் உயர்த்துதல் 3 சுற்று, சுற்றுக்கு 12. குதிகாலை இறக்க 3 விநாடி எடுங்கள். சடாரென்று இறக்கினால், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாருக்குப் பலன் குறைவு.

மூச்சும் தசையும் சில வாரங்களில் தேறிவிடும். தசைநாரும் எலும்பும் மெதுவாகத்தான் பழகும். "நன்றாகத்தானே ஓடுகிறேன்" என்று தூரத்தைக் கூட்டும்போது முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு வலிப்பது இதனால்தான்.

காலையில் எழுந்ததும் நாடித்துடிப்பை எண்ணுங்கள். வழக்கத்தைவிட 8, 10 கூடி, தூக்கமும் கெட்டிருந்தால் அன்று வேக ஓட்டம் வேண்டாம். எலும்பில் ஒரே புள்ளியில் தொட்டால் வலித்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.